கட்டாத பால்

"மாமா, வளையத்தக் காணோமே."

தங்கை மகள் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். 2025 நவம்பர் மாதக் கடைசி வாரம். அந்தி மழை விட்டு, செம்பனை மட்டைகளிலிருந்து இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. மலேசியாவில், சுங்கை சிப்புட் பட்டணத்துக்கு வெளியே, ஒரு காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துப் பந்துத் திடலாக இருந்த மேட்டில் என் ஆறு அங்குலத் தொலைநோக்கியை நிறுத்தியிருந்தேன். லயங்கள் போய்விட்டன. பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயக்கொட்டகை போய்விட்டது. பால் ஸ்டோரின் சிமெண்டுத் தளம் மட்டும் புல்லுக்குள் கிடக்கிறது. மாரியம்மன் கோயில் இருக்கிறது. பூசாரி ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுப் போன பிறகு, சுற்றுவட்டாரத்தில் இவ்வளவு இருட்டான இடம் வேறு இல்லை.

அம்மாவும் வந்திருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் கோப்பி ஓ பிளாஸ்க்குடன், தான் முப்பத்தைந்து வருடம் பால் வெட்டிய மண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த மண்ணில் இப்போது ஒரு ரப்பர் மரம்கூட இல்லை.

நான்காம் ஆண்டு படிக்கும் பிள்ளை, சனியின் வளையத்தைப் பார்க்கப் போவதாக ஒரு வாரமாகத் தமிழ்ப்பள்ளி முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். நான்தான் முன்கூட்டியே விளக்கியிருக்க வேண்டும். சனி சூரியனைச் சுற்றி வர 29 ஆண்டு 5 மாதம் ஆகிறது. சாய்ந்தபடியே சுற்றுவதால் சில ஆண்டுகள் வளையத்தின் மேல்பக்கத்தையும் சில ஆண்டுகள் கீழ்ப்பக்கத்தையும் நமக்குக் காட்டும். பக்கம் மாறும் நேரத்தில் விளிம்பு மட்டும் நம்மை நோக்கி நிற்கும். அப்படி மாறியது 2025 மார்ச் 23-இல். அந்த நாள்களில் சனி சூரியனுக்கு அருகே இருந்ததால் யாராலும் சரியாகப் பார்க்க முடியவில்லை. நவம்பரில் சாய்வு மறுபடியும் குறைந்து அரைப் பாகைக்கும் கீழே வந்தது. அன்று எங்களுக்குக் கிடைத்தது அந்தக் காட்சி. வெளிர் மஞ்சள் பந்து, அதன் குறுக்கே ஊசி கோத்தது போல ஒரு கோடு.

"காணாமப் போகல கண்ணு. பக்கவாட்டுல நிக்குது" என்றேன்.

அவள் நம்பவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கலிலியோவும் இதே இடத்தில்தான் தடுமாறினார். 1610-இல் தன் சிறிய தொலைநோக்கியில் சனியின் இரு பக்கமும் இரண்டு உருண்டைகள் ஒட்டியிருப்பதாகக் கண்டார். 1612-இல் பார்த்தால் அவை இல்லை. தன் பிள்ளைகளையே விழுங்கியதாகக் கதை சொல்லப்படும் ரோமானியக் கடவுளின் பெயர் கொண்ட கோள் அது. அந்தக் கதையை நினைத்து, சனி தன் பிள்ளைகளைத் தின்றுவிட்டதா என்று கடிதத்தில் கேட்டார். அவருக்கு விடை கிடைக்கவே இல்லை. அது கோளை எங்கும் தொடாத, தட்டையான, மெல்லிய வளையம் என்று கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1659-இல் எழுதும்போது கலிலியோ இறந்து 17 ஆண்டு ஆகியிருந்தது.

மெல்லிய என்றால் எவ்வளவு மெல்லிய? பிரதான வளையங்களின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஏறக்குறைய 2,73,000 கிலோமீட்டர். தடிமன் பெரும்பாலான இடங்களில் சுமார் 10 மீட்டர்தான். வளர்ந்த ரப்பர் மரத்தில் பாதி உயரம். இந்தக் கணக்கை நான் எத்தனையோ முறை போட்டுப் பார்த்திருக்கிறேன். வளையத்தைச் சுருக்கி, புக்கிட் காயூ ஹீத்தாமிலிருந்து ஜோகூர் பாரு வரைக்கும் போகும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் நீளத்துக்குக் கொண்டுவந்தால், தடிமன் மூன்று செண்டிமீட்டர்கூடத் தேறாது. இரண்டு விரல் தடிப்பில் ஒரு தகடு, கெடா எல்லை தொடங்கி சிங்கப்பூர் பாலம் வரைக்கும்.

ஆனால் தகடு என்று சொல்வதே தவறு. அது தகடாக இருக்கவே முடியாது என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1859-இல் வெளியிட்ட நூலில் இதைக் கணக்கால் காட்டினார். ஒரே திடப்பொருளாக இருந்தால் சற்று அசைந்தாலும் கோளின் மேல் சரிந்துவிடும். திரவமாக இருந்தால் துளித்துளியாகச் சிதறிப்போகும். தனித்தனியே சுற்றும் எண்ணற்ற சிறு பொருள்களாக இருந்தால் மட்டுமே நிலைக்கும். அதன் பிறகு 1895-இல் ஜேம்ஸ் கீலர் வளையத்தின் ஒளியைப் பகுத்துப் பார்த்தபோது உள்விளிம்பு வேகமாகவும் வெளிவிளிம்பு மெதுவாகவும் சுற்றுவது தெரிந்தது. ஒரே தகடாக இருந்தால் இதற்கு நேர்மாறாக இருந்திருக்கும். வளையங்களுக்கு ஆங்கில எழுத்துகளே பெயர். பிரகாசமான பி வளையத்தின் உள்விளிம்பில் உள்ள கல் சனியைச் சுற்ற எட்டு மணி நேரம். அதற்கு வெளியே இருக்கும் ஏ வளையத்தின் வெளிவிளிம்பில் உள்ளதற்குப் பதினான்கு மணி நேரத்துக்கும் மேல்.

கல் என்றேன். அநேகமாக எல்லாம் பனிக்கட்டி. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கும் மேல் வெறும் நீர் உறைந்தது. கோலிக்குண்டு அளவிலிருந்து வீட்டளவு வரை.

இங்கே என்னைப் பல வருடம் விடாமல் துரத்திய கேள்வி வருகிறது. இவ்வளவு பனிக்கட்டி இவ்வளவு நெருக்கமாகச் சுற்றுகிறதே, ஏன் ஒன்று சேர்ந்து ஒரு நிலவாகவில்லை? ஈர்ப்பின் குணமே சேர்ப்பதுதானே? முழு வளையத்தையும் திரட்டி உருட்டினால் சுமார் 300 கிலோமீட்டர் குறுக்களவுள்ள நிலவு கிடைக்கும். சாலையில் போனால் இங்கிருந்து சிரம்பான் வரைக்குமான தூரம். சனிக்கு அதைவிடச் சிறிய நிலவுகள் டஜன் கணக்கில் இருக்கின்றன. அவை உருண்டு திரளும்போது இவை மட்டும் ஏன் திரளவில்லை?

இதைப் பிள்ளைக்கு விளக்க முயன்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார்: "ஏன்டா, அதுல யாராச்சும் அமோனியா ஊத்திட்டாங்களா?"

தோட்டத்தில் வளராதவர்களுக்காகச் சொல்கிறேன். மரப்பட்டையில் சாய்வாக வெட்டிய வெட்டுக்கோட்டின் வழியே ரப்பர் பால் இறங்கும்போது தண்ணீர் போல ஓடும். நேரமாக ஆக, வெயில் ஏற ஏற, மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கிலேயே கட்ட ஆரம்பிக்கும். பாலுக்குள் மிதக்கும் ரப்பர் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதுதான் அந்தக் கட்டுதல். ஸ்டோருக்குத் திரவமாகவே போய்ச் சேர வேண்டிய நாளில் வாளியில் கொஞ்சம் அமோனியா விடுவார்கள். துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே இருக்கும், பால் கட்டாது. ஸ்டோரில் தொட்டிக்கு வந்த பிறகு அசிட் விட்டால் தயிராட்டம் இறுகிவிடும். அதே பால்தான். எங்கே இருக்கிறது, அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும், இன்னொன்று கட்டியாகும்.

சனியைச் சுற்றி அந்த அமோனியாவின் வேலையைச் செய்வது, கோளிலிருந்து உள்ள தூரம். பிரான்சில் மோன்பெலியே நகரில் இருந்த எதுவார் ரோச் 1848-இல் இதைக் கணக்கிட்டார். இரண்டு பனிக்கட்டிகள் அருகருகே சுற்றுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கோளுக்குச் சற்றுப் பக்கத்தில், மற்றது சற்றுத் தள்ளி. பக்கத்தில் உள்ளதைக் கோள் அதிகமாக இழுக்கிறது, அது வேகமாக ஓடுகிறது. தள்ளி உள்ளது பின்தங்குகிறது. இரண்டும் தம் சொந்த ஈர்ப்பால் கைகோத்துக்கொள்ளப் பார்க்கின்றன. கோளின் இழுப்பில் உள்ள இந்த வேறுபாடு கையைப் பிரிக்கப் பார்க்கிறது. நம் கடலில் ஓதம் ஏறுவதும் வடிவதும் இதே வேறுபாட்டால்தான். கோளை நெருங்க நெருங்க வேறுபாடு மிக விரைவாகக் கூடும். ஏதோ ஒரு தூரத்தில் பிரிக்கும் கை ஜெயிக்கும். கோளும் நிலவும் ஒரே அடர்த்தி என்றால், அந்தத் தூரம் கோளின் ஆரத்தைப் போல 2.44 மடங்கு என்றார் ரோச். அதற்கு ரோச் எல்லை என்று பெயர்.

சனியின் பிரதான வளையங்கள் எங்கே முடிகின்றன? சனியின் ஆரத்தைப் போல சுமார் 2.27 மடங்கில். இந்த இரண்டு எண்களும் இவ்வளவு பக்கத்தில் நிற்பதை முதன்முதலில் பட்டணத்து நூலகத்தில் ஒரு பழைய கலைக்களஞ்சியத்தில் படித்தபோது எனக்கு வயது பதினாறு. புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து கடைவரிசை நடைபாதையான ஐந்தடியில் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தேன். வளையம் யாரோ சனிக்குப் போட்டுவிட்ட நகை இல்லை, எல்லைக்கு உள்ளே மாட்டிக்கொண்ட பால் என்று இன்றைக்குச் சொல்வேன். அன்றைக்கு என்னிடம் அந்தச் சொல் இல்லை. அம்மாவிடம் எப்போதும் இருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை.

எல்லைக்குள் இருந்தால் எல்லாமே நொறுங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். தன் ஈர்ப்பால் மட்டும் சேர்ந்திருப்பவைதான் பிரியும். இறுகிய கட்டி தன் பிடிமானத்தால் தாங்கும். ஏ வளையத்துக்கு உள்ளேயே பான் என்ற சிறு நிலவு சுற்றுகிறது. குறுக்களவு 28 கிலோமீட்டர். வாயேஜர் விண்கலம் எடுத்த பழைய படங்களில் மார்க் ஷோவால்டர் 1990-இல் கண்டுபிடித்தது. அது போகும் பாதை முழுக்கப் பனிக்கட்டிகளை ஒதுக்கித் தனக்கென ஒரு சந்து வெட்டி வைத்திருக்கிறது. 2017 மார்ச்சில் காசினி விண்கலம் அதை அருகிலிருந்து படமெடுத்தபோது, நடுவில் வளையத் தூசி படிந்து விளிம்பு கட்டி, நம் கறிபாப் பலகாரம் போல இருந்தது. படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். பிள்ளைக்கு அன்று முதன்முதலாகச் சிரிப்பு வந்தது.

ஏ வளையத்துக்குள் இன்னொன்றும் நடக்கிறது. பனிக்கட்டிகள் சில பத்து மீட்டர் நீளத்துக்குக் கொத்துக் கொத்தாகச் சேர்கின்றன, உடனே இழுபட்டுக் கலைகின்றன, மறுபடி சேர்கின்றன. கட்டப் பார்த்துக் கட்டாமல் போகும் பால். எல்லை நெருங்கும் இடத்திலோ சில நேரம் கட்டியே விடுகிறது. 2013 ஏப்ரலில் காசினி எடுத்த படத்தில் ஏ வளையத்தின் வெளிவிளிம்பில் ஒரு வெளிச்சத் திட்டு தெரிந்தது. பெக்கி என்று பெயரிட்டார்கள். அங்கே ஒரு சிறு நிலவு உருவாகி விலகப் பார்க்கிறதோ என்று எண்ணினார்கள். வளையத்துக்குச் சற்று வெளியே சுற்றும் சின்ன நிலவுகள் சில இப்படி வளையத்திலிருந்து கசிந்து திரண்டவையே என்ற கருத்தும் உண்டு.

தட்டையாக இருப்பதற்கும் காரணம் இதே நெருக்கம்தான். கண்டபடி சாய்ந்த பாதையில் சுற்றும் ஒவ்வொரு துண்டும் ஒரு சுற்றில் இரண்டு முறை நடுத்தளத்தைக் கடக்கும்போது மற்றவற்றின் மேல் மோதுகிறது. மோத மோத மேல்கீழ் ஆட்டம் அடங்குகிறது. சனி நடுவில் பருத்த கோள், குறுக்களவு துருவத்தைவிட நடுவில் பத்தில் ஒரு பங்கு அதிகம். அந்தப் பருமன் துண்டுகளை நடுக்கோட்டுத் தளத்துக்கே கொண்டுவந்து சேர்க்கிறது.

சரி, பனிக்கட்டி எங்கிருந்து வந்தது?

வழி பல. வியாழனின் வளையம் வெறும் தூசி. 1979-இல் வாயேஜர் 1 போய்ப் பார்க்கும்வரை அது இருப்பதே தெரியாது. மெட்டிஸ், அட்ராஸ்டியா போன்ற குட்டி நிலவுகள்மேல் நுண்கற்கள் மோதிக் கிளப்பிய புழுதி அது. சனியின் வெளிப்புறத்தில் பரந்து கிடக்கும் ஈ வளையத்துக்கு ஊற்று என்செலடஸ் என்ற நிலவு. அதன் தென்துருவ வெடிப்புகளிலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிடுவதைக் காசினி 2005-இல் கண்டது. அந்தத் துகள்கள்தான் வளையமாகச் சுற்றுகின்றன.

ஆனால் சனியின் பெரிய வளையங்களுக்குப் புழுதியும் ஊற்றும் போதாது. ஏதோ ஒன்று உடைந்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: துண்டாடல். 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்கார நிறுவனங்கள் பெரிய தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் அவற்றைக் கூறுபோட்டு விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போன குடும்பங்கள் அக்கம்பக்கத்துப் பட்டணங்களில் சிதறின. இந்த ஊர்க்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன் அதைத் தடுக்கத்தான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960-இல் தொடங்கினார். தாத்தா கடைசிவரை அந்தச் சொல்லைக் குரல் தாழ்த்தியே சொல்வார். ரோச் எல்லைக்குள் வந்த நிலவுக்கு என்ன ஆகும் என்று தமிழில் யோசிக்கும்போது எனக்கு வேறு சொல் வரவே மாட்டேன் என்கிறது.

துண்டாடலை மனிதர்கள் கிட்டத்தட்ட நேரிலேயே பார்த்ததும் உண்டு. ஷூமேக்கர்-லெவி 9 என்ற வால்வெள்ளி 1992 ஜூலையில் வியாழனை மிக நெருங்கிக் கடந்தபோது இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளானது. முத்துச்சரம் போல வரிசையாகப் போன அந்தத் துண்டுகள் 1994 ஜூலையில் வியாழன்மேல் விழுந்தன. செவ்வாயின் ஃபோபோஸ் நிலவு ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு செண்டிமீட்டர் கோளை நெருங்கிக்கொண்டே இருக்கிறது. இன்னும் 3 முதல் 5 கோடி ஆண்டுகளில் அது செவ்வாயில் மோதும், அல்லது அதற்குமுன் நொறுங்கிச் செவ்வாய்க்கு ஒரு வளையமாகும்.

சனியில் உடைந்தது எது, எப்போது? இதில் இன்னும் சண்டை ஓயவில்லை. சண்டையின் இரு பக்கத்தையும் நான் மாறி மாறி நம்பியிருக்கிறேன்.

ராபின் கேனப் 2010-இல் சொன்னது ஒன்று. சூரியக் குடும்பம் பிறந்த காலத்தில் சனியின் மிகப் பெரிய நிலவான டைட்டன் அளவில் இன்னொரு நிலவு சுருண்டு சுருண்டு சனியை நோக்கி வந்தது. அதன் மேலே பனிப் போர்வை, உள்ளே பாறை. எல்லைக்குள் வந்ததும் போர்வை உரிந்து வளையமானது. உள்ளிருந்த பாறை சனிக்குள் விழுந்துவிட்டது. வளையம் ஏன் இவ்வளவு சுத்தமான பனிக்கட்டி என்பதற்கு இதைவிட அழகான விடையை நான் படித்ததில்லை. சாதாரண நிலவு உடைந்திருந்தால் பாறையும் கலந்தல்லவா இருந்திருக்கும்?

மறுபக்கம், அந்தச் சுத்தமே சந்தேகத்தைக் கிளப்புகிறது. வெளியிலிருந்து கருந்தூசி எப்போதும் விழுந்துகொண்டே இருக்கிறது. 450 கோடி ஆண்டு விழுந்திருந்தால் வளையம் அழுக்கேறிக் கறுத்திருக்க வேண்டாமா? காசினி 2017-இல் தன் கடைசி மாதங்களில் சனிக்கும் வளையத்துக்கும் இடையில் 22 முறை பாய்ந்து, அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று சனியில் விழுந்து எரிந்தது. அந்தப் பாய்ச்சல்களால் வளையத்தின் எடை தெரிந்தது. மிமாஸ் என்ற நிலவின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு. காசினியின் தூசிக் கருவி 13 ஆண்டுகளில் வெளியிலிருந்து வந்தவை என்று உறுதியாகப் பிரித்தறிந்தது 163 துகள்கள். அந்தச் சிறு கைப்பிடித் துகள்களை வைத்து, வளையத்தின் வயது 40 கோடி ஆண்டுக்கு மேல் இருக்காது என்று 2023-இல் கணக்கிட்டார்கள். அதற்கு முந்திய ஆண்டு ஜாக் விஸ்டம் குழுவினர், சுமார் 16 கோடி ஆண்டுக்கு முன் ஒரு நிலவு நெருங்கி வந்து துண்டாகியிருக்கலாம் என்று சொல்லி அந்த இழந்த நிலவுக்குக் கிரிசாலிஸ் என்று பெயரும் வைத்திருந்தார்கள். டைனோசர்கள் நடமாடிய காலம்.

2024 கடைசியில் ரியூக்கி ஹியோடோ குழுவினரின் கட்டுரை வந்தது. அவ்வளவு வேகத்தில் வந்து மோதும் தூசி வளையத்தில் ஒட்டுவதே இல்லை, ஆவியாகிப் பெரும்பாலும் வெளியேறிவிடுகிறது என்றார்கள். அப்படியானால் சுத்தமாக இருப்பது இளமைக்கு அடையாளம் ஆகாது. இப்போது என் மனம் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. லயத்துத் தகரக் கூரையின் துருவைப் பார்த்து லயத்தின் வயதைச் சொல்லலாம்தான். ஆனால் அந்தத் தகரத்தில் துரு பிடிக்குமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். எடையும் தூசியும் அளக்கப்பட்டவை. அவற்றிலிருந்து வயதுக்குப் போகும் படிக்கட்டில் ஒரு படி ஆடுகிறது. இதை வெளிப்படையாகச் சொல்லாமல் "சனியின் வளையம் புத்தம் புதியது" என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

யுரேனஸைப் பற்றி எழுதாமல் போக முடியாது, அதில் எங்கள் குடும்பத்துக்கும் ஒரு மூலை இருக்கிறது. தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கப்பலேறியவர். சில ஆண்டுகளுக்கு முன் அவர் பிறந்த கிராமத்தைத் தேடிப் போனபோது, ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் பக்கத்திலேயே இருப்பது தெரிந்து அங்கேயும் போனேன். 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் என்று கணித்திருந்தார்கள். ஜேம்ஸ் எலியட், எட்வர்ட் டன்ஹாம், ஜெசிகா மிங்க் குழுவின் தொலைநோக்கி பொருத்திய விமானம் இந்தியப் பெருங்கடலின் தெற்கே பறந்தது. மறைவுக்கு அரை மணிக்கும் மேலாக முன்பே கருவியை ஓடவிட்டார்கள். கோள் வருவதற்கு முன்னாலேயே நட்சத்திரம் ஐந்து முறை கண் சிமிட்டியது. கோள் கடந்த பிறகு மறுபக்கம் மீண்டும் ஐந்து முறை, கிட்டத்தட்ட அதே தூரங்களில். ஐந்து வளையங்கள். இன்று 13 தெரியும்.

அதே இரவு காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த நட்சத்திரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் நட்சத்திரம் மங்கியது. யுரேனஸின் புதிய துணைக்கோள் என்று முதலில் எழுதினார்கள். வளையம் சனிக்கு மட்டுமே உரியது என்று உலகமே நம்பிய காலம், வேறு எதை நினைப்பது? மங்கியதைப் பதிவு செய்தார்களே, அதுதான் பெரிய வேலை. அந்த மலையில், தாத்தா விட்டுப்போன ஊரிலிருந்து நடந்து ஏறக்கூடிய தூரத்தில், கோளின் வளையம் ஒன்றின் நிழல் விழுந்து போயிருக்கிறது. அந்தத் தொலைநோக்கியின் அருகில் நின்றபோது தாத்தாவை நினைத்துக்கொண்டேன்.

நெப்டியூனுக்கும் வளையங்கள் உண்டு, 1989-இல் வாயேஜர் 2 உறுதி செய்தது. 2014-இல் சரிக்ளோ என்ற சிறு பொருளுக்கும் இரண்டு வளையங்கள் இருப்பதாக அறிவித்தார்கள். எல்லாம் ஏறக்குறைய ரோச் சொன்னபடி. பிறகு 2023-இல் குவாவார் வந்து எல்லாவற்றையும் கலைத்தது. நெப்டியூனுக்கு அப்பால் சுற்றும் குறுங்கோள் அது. அதன் வளையம் அதன் ஆரத்தைப் போல ஏழு மடங்குக்கும் அதிகமான தூரத்தில், எல்லைக்கு வெகுதூரம் வெளியே இருக்கிறது. அங்கே பால் கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை. கடுங்குளிரில் பனிக்கட்டிகள் மோதும்போது ஒட்டாமல் துள்ளித் தெறிக்கின்றன, அதனால்தான் திரளவில்லை என்பது சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

இதை அம்மாவிடம் சொன்னேன். அவர் கொஞ்சமும் வியக்கவில்லை. "குளிரா இருந்தா பால் சீக்கிரம் கட்டாதுடா. பெறவு எதுக்கு நாலு மணிக்கே எந்திரிச்சுப் போனோம்?"

"நமக்கு ஏன் மாமா வளையம் இல்ல?" என்றாள் பிள்ளை.

இருந்திருக்கலாம். 2024-இல் ஆண்ட்ரூ டாம்கின்ஸ் குழுவினர் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். ஏறத்தாழ 46 கோடி ஆண்டுக்கு முந்திய காலத்தில் பூமியில் விழுந்த விண்கற்களின் பள்ளங்கள் 21-ஐ எடுத்து, அன்றைய கண்டங்களின் இடத்தில் வைத்துப் பார்த்தால், எல்லாமே நிலநடுக்கோட்டை ஒட்டியே விழுந்திருக்கின்றன. ஒரு சிறுகோள் பூமியின் ரோச் எல்லைக்குள் வந்து துண்டாகி, நடுக்கோட்டுக்கு மேலே வளையமாகி, அதிலிருந்து கற்கள் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்திருக்கலாம் என்கிறார்கள். இன்னும் நிரூபணம் ஆகவில்லை. எனக்கு இது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசை, ஆகவே இதில் என் தீர்ப்பை யாரும் நம்ப வேண்டாம்.

அப்படி ஒரு வளையம் இன்று இருந்தால் இந்தத் திடலிலிருந்து எப்படித் தெரியும் என்று அவளுக்குச் சொன்னேன். நாம் நடுக்கோட்டுக்கு ஐந்து பாகைகூட வடக்கே இல்லை. லண்டன்காரனுக்குத் தெற்கு வானத்தில் அகன்ற வில்லாகத் தெரிவது, நமக்குக் கிழக்கிலிருந்து மேற்காக, உச்சிக்குச் சற்றுத் தெற்கே, நீட்டிய கையின் பாதி முஷ்டி அகலத்தில் ஒரு வெள்ளைப் பட்டையாக ஓடும். நள்ளிரவில் நடுப்பகுதியில் பூமியின் நிழல் விழுந்து அந்த இடம் மட்டும் கறுத்திருக்கும். அவள் அண்ணாந்து, செம்பனைக் கொண்டையிலிருந்து கோயில் கோபுரம் வரை விரலால் ஒரு கோடு இழுத்தாள்.

சனியின் வளையமும் நிரந்தரம் இல்லை. பனித்துகள்கள் சனியின் காந்தப்புலக் கோடுகள் வழியே கோளுக்குள் மழையாக இறங்கிக்கொண்டிருக்கின்றன. இன்னும் 10 முதல் 30 கோடி ஆண்டுகளில் தீர்ந்துவிடலாம் என்று ஒரு கணிப்பு. அதைவிட நெருங்கிய கணக்கு ஒன்று எங்களுக்கு இருந்தது. வளையம் இனி மெல்ல மெல்லத் திறக்கும். முழுசாக விரிந்து நிற்க 2032 ஆகும். அப்போது அவளுக்கு 17 வயது. கடைசியாக அப்படி விரிந்திருந்தது 2017-இல். அப்போது அவள் இரண்டு வயதுக் குழந்தை, இதே அம்மாவின் மடியில்.

கிளம்புவதற்கு முன் அம்மாவைப் பார்க்கச் சொன்னேன். குனிய முடியாது, நாற்காலியை இழுத்துப் போட்டு, குழாயைத் தாழ்த்தி, பிள்ளை பாட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். மேற்கே இறங்கியிருந்த சனியின் கோடு இப்போது சாய்ந்து நின்றது. கோட்டின் வரிசையிலேயே, கொஞ்சம் தள்ளி, டைட்டன் ஒரு புள்ளியாக.

அம்மா நெடுநேரம் பார்த்தார்.

"வெட்டுக்கோடு" என்றார். "வெட்டுக்கோடு மாதிரியே சாஞ்சிருக்கு. முனையில ஒரு சொட்டு நிக்குது பாரு."